மூன்று நாள் எளிமைக்காரர்

எளிமையாக வாழவேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்ததுண்டா? வந்த கையோடு, அதற்கு எவ்வளவு உயர்ந்த விடுதி தேவைப்படும் என்று விசாரித்ததுண்டா? உண்டென்றால் உட்காருங்கள். உங்கள் இனத்தாரைப் பற்றித்தான் பேச்சு.

எளிமைக்காரர்கள் தலைநகர் தாஷ்கந்தில் விளைந்து, எங்கள் பாலைவன ஊரான கீவாவில் பூக்கிறவர்கள். வருஷம் முழுக்கப் பளிங்குத் தரையில் நடந்து, பளிங்கு மேஜையில் தின்று, பளிங்குச் சுவரில் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துச் சலித்துப்போய், கோடை பிறந்ததும் "மண் வாசனை வேணும்" என்று ஏங்கி, எங்கள் கோட்டைச் சுவரை ஒட்டிய சொகுசு விடுதியில் மூன்று நாள் தங்கப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவார்கள். மண் சுவர் வேண்டும்; உள்ளே ஏசி ஓடவேண்டும். பாலைவனம் வேண்டும், செருப்புக்குள் மணல் போகக்கூடாது. ஒட்டகம் வேண்டும், நாற்றம் கூடாது. அதற்காக மேலாளர் தினமும் காலையில் ஒட்டகத்துக்குப் பன்னீர் தெளிக்கிறார். ஒட்டகத்தின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

பளிங்கு வியாபாரி அப்துகஹ்ஹார் இந்த இனத்தின் சிகரம். வந்து இறங்கியதுமே ஆட்டு ரோமத் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நடுக்கோடையில்! வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, "இதுதான் அசல்" என்றார். அவர் வாயில் ஓயாமல் புரளும் சொல் அது. ரொட்டி அசலா? கம்பளம் அசலா? வரவேற்பறைப் பெண்ணிடம், "நீ அசல் கீவாக்காரியா?" என்று கேட்டார். பக்கத்து ஊரான உர்கெஞ்ச் என்று அவள் சொன்னதும் ஏமாந்துபோனார்.

அந்த விடுதியில் 'ஹஷார் அனுபவம்' என்று ஒன்று விற்கிறார்கள். ஹஷார் என்றால், தெருவே கூடிக் கூலி வாங்காமல் ஒருவர் வீட்டு வேலையை முடித்துக் கொடுத்து, ஒரே அண்டாவில் வெந்த புலாவைத் தின்றுவிட்டுக் கலைவது. விடுதி ஹஷாரில் கட்டணம் உண்டு, கையுறை உண்டு, மண்ணை இரண்டு மிதி மிதித்ததும் பழரசம் உண்டு. அப்துகஹ்ஹார் துள்ளிக் குதித்துக் கிளம்பினார். பின்கதவைத் தாண்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். அவர் வலப்பக்கம் திரும்பினார்.

வலப்பக்கம் போஷ்ஷாஜான் அக்காவின் வீடு. விடுதியின் நீச்சல் குளம் கசிந்து கசிந்து, அவருடைய பின்சுவர் அந்த வாரம்தான் விழுந்திருந்தது. "பழைய சுவர், தானா விழுந்திருக்கும்" என்று விடுதி கைகழுவிவிட்டது. சாயங்காலம் நகராட்சி அதிகாரி பார்வையிட வருகிறார். சுவர் நின்றால் வீடு அக்காவுக்கு. நிற்காவிட்டால் 'ஆபத்தான கட்டடம்' என்று எழுதி, இடத்தை விடுதிப் பக்கம் தள்ளிவிடுவார். விடுதிக்கு அந்த இடத்தில் மசாஜ் அறை கட்ட நெடுநாள் ஆசை. அதனால்தான் தெருவே திரண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தது.

ஹஷாருக்கு வந்தவரை 'நீ யார்' என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. வந்தாரா, வேலையைக் கொடு.

"வாங்கண்ணே! செருப்பைக் கழட்டிட்டுக் குழியில இறங்குங்க" என்றான் அக்காவின் கொழுந்தன் மத்யாகூப்.

"கையுறை எங்க?"

"ஏன், கையில ஏதாச்சும் சீக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்துகஹ்ஹாரும் சிரித்தார். விடுதி இவர்களுக்குக் கொடுத்திருப்பது என்ன பயிற்சி! எவ்வளவு இயல்பான திமிர்!

"பழரசம் எப்ப வரும்?"

"சுவர் வந்தப்புறம் வரும். நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்காம மிதிங்கண்ணே."

ஓரத்தில் போஷ்ஷாஜான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே மண்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வீடு போச்சுன்னா புள்ளைங்களோட எங்கடா போவேன்?"

அப்துகஹ்ஹார் மத்யாகூபை முழங்கையால் இடித்தார். "அந்தம்மா பிரமாதம்ப்பா! கண்ணீர்கூட வருதே! எங்க புடிச்சீங்க?"

மத்யாகூப் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "தொப்பியைக் கழட்டுங்கண்ணே. வெயில் மூளையில ஏறிடுச்சு."

மதியத்துக்குள் தோள் உயரம் சுவர் எழும்பிவிட்டது. அப்துகஹ்ஹார் மண்கல் சுமந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார், மறுபடி சுமந்தார். வாழ்நாளில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அப்போது விருந்தாளியைக் காணோமென்று மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா! நம்ம ஹஷார் அந்தப் பக்கம்! இது சும்மா... நிஜம்!"

ஆயுள் முழுக்கத் தேடிய அசல், இதோ கையில் கனக்கிறது. அப்துகஹ்ஹார் என்ன செய்தார்? சூடு பட்டவர்போல் கல்லைக் கீழே போட்டார்.

"அப்போ, நான் இவ்வளவு நேரம் வேலையா செஞ்சேன்?"

"வேலை கெடக்கட்டும்ண்ணே" என்றான் மத்யாகூப். "உங்க விடுதிக் குளத்துத் தண்ணிதான் இந்தச் சுவரைத் தின்னுது. நாங்க சொன்னா இவரு காதுல ஏறாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

தெரு வேலையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை. அப்துகஹ்ஹார் யோசித்தார். நியாயம் பேசுவது அவர் அறை வாடகையில் சேர்த்தியில்லை.

"தம்பி, நான் ஓய்வுக்கு வந்திருக்கேன்" என்றார். பிறகு மேலாளரிடம் திரும்பி, "ஆனா ஒண்ணு, உங்க ஹஷாரைவிட இதுதான் அசல்!"

மேலாளரின் கண்கள் பளிச்சிட்டன. "அக்கா, நல்ல யோசனை ஒண்ணு! குளம் பாட்டுக்குக் கசியட்டும், சுவர் வாராவாரம் விழட்டும், எங்க விருந்தாளிங்க வாராவாரம் வந்து கட்டட்டும். என்ன சொல்றீங்க?"

போஷ்ஷாஜான் அக்கா மண்வெட்டியைக் கையில் எடுத்தார். "அப்படியே செய்வோம். ஆனா முதல்ல உங்க குளத்தை இடிச்சிருவோம். தெரு மொத்தமும் வரும், கூலியே வேணாம்."

பின்வாங்கிய மேலாளர் முழங்கால்வரை குழிக்குள் இறங்கிவிட்டார். வந்தவரைச் சும்மா விடலாமா? "வந்தது வந்தீங்க, மிதிங்கண்ணே" என்றான் மத்யாகூப்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். சுவரைத் தோளால் முட்டினார். கோட்டில் மண் ஒட்டியது, சுவர் அசையவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். தெரு புலாவில் கைவைத்தது. அதே நேரம் அப்துகஹ்ஹார் குளத்தில் மல்லாந்து மிதந்து, அக்கா வீட்டு மண்ணை உடம்பிலிருந்து கரைத்துக்கொண்டே, "ஆகா, எளிமை!" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கீழே தண்ணீர் அவசரமில்லாமல் புதுச் சுவரின் அடியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

இப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லையா? உங்கள் கைப்பேசியில் சென்ற விடுமுறைப் படங்களைத் திறந்து, நடுவில் கிராமத்துத் தொப்பியோடு நிற்பவரைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

அவர் எப்படியும் மறுபடி விடுமுறைக்குப் போகத்தான் போகிறார். போகட்டும். குளத்தில் இறங்குமுன் மேலாளரைக் கூப்பிட்டு, "இந்தத் தண்ணி யார் வீட்டுப் பக்கம் கசியுது?" என்று மட்டும் சத்தமாகக் கேளுங்கள். பதில் வரும்வரை கரையிலேயே நில்லுங்கள்.