துவக்குக்கு முன்னே வந்த வெளிச்சம்

இயேசு, மரி, சூசை துணை

எட்மண்டன், லண்டன்
மார்கழி (டிசம்பர்) 14

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனி அஞ்சலீனா வணக்கம் கூறி எழுதிக்கொள்வது. ஒஸ்லோவின் உறைபனியில் நீங்களும் பியற்றிஸ் அக்காவும் எலும்பு முறியாமல் நடமாட வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் சகலன் றொனால்டும் சுகம். அந்தச் சுகத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் சிரிப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ற் வைத்து, பஸ் கராஜ் வேலையையும் விட்ட பிறகு, இவர் பதினொரு மாதம் முன் ஜன்னலடியில் இருந்து, தெருவால் போகும் பஸ்களின் சத்தத்தைக் கேட்டு, எதற்கு என்ன வருத்தம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஆவணியில் நாங்கள் உங்களிடம் வந்தபோது, இவரை வேட்டைக்காரர் பழகும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் துவக்கைக் கையில் கொடுத்தீர்கள். ஐந்து வெடியில் ஒன்று பலகையில் பட்டது. அதுவும் பக்கத்து ஆளின் பலகை. அன்று தொடங்கியது. லண்டனுக்குத் திரும்பியதும் கராஜில் கூட வேலை செய்தவரின் அண்ணன், எசெக்ஸில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர், பொலிஸில் வேட்டைத் துவக்குக்குச் சேர்டிபிகற் எடுத்தால் பங்குனியில் ஆடுகள் குட்டி போடும் காலத்தில் இரவில் நரிக்குக் காவல் இருக்க வரலாம் என்று சொல்லிவிட்டார். சேர்டிபிகற் கிடைத்தால் பண்ணை. கிடைக்காவிட்டால் மறுபடி ஜன்னல். இவருடைய உலகம் இப்போது அவ்வளவுதான். எனக்கு அந்தப் பண்ணையிலும் நம்பிக்கை இல்லை, இவருடைய குறியிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

துவக்கு வாங்கத்தான் பொலிஸ் அனுமதி வேண்டும், அதில் பூட்டுகிற லைற்றுக்கு ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று இவர் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. மேசை முழுக்க லைற் படங்கள். "ஆகக்கூடின லூமன் உள்ளதை எடுப்பமப்பா" என்றார். பேராதனையில் நான்கு வருடம் பௌதிகவியல் படித்த உரிமையில் நான் தலையிட்டேன்.

"லூமன் எண்டது குழாயால வாற முழுத் தண்ணி. கண்டெலா எண்டது குழாய் வாயை விரலால அமத்தினா ஒரு பக்கமாப் பாயிற பாய்ச்சல். நரி நிக்கப்போறது முப்பது மீற்றர் தள்ளி. உங்களுக்குப் பாய்ச்சல்தான் வேணும்."

"அப்ப ரெண்டும் கூட உள்ளதை எடுப்பம்."

"அது அரைக் கிலோ. குழல் நுனியில பூட்டினா துவக்கு நிலத்தைத்தான் பார்க்கும்."

"விட்டு விட்டு மின்னுற ஒண்டும் இருக்கு."

"கலியாண ஹோல் எண்டு நினைச்சு நரி குடும்பத்தோட வரும்."

குளிரில் பற்றரி சோருமா என்று அறிய, பிரீசரில் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும் வைத்துச் சோதித்தார். பொத்தான் லைற்றின் வாலில் இருப்பதா, வயர் இழுத்து விரலடியில் ஒட்டுவதா என்று இரண்டு கிழமை யோசித்தார். கடைசியில் நீங்கள்தான் வயர் உள்ள ஒன்றை வாங்கிப் பார்சலில் அனுப்பினீர்கள். அமத்தினால் எரியும், விரலை எடுத்தால் அணையும். அணையும் என்பது மட்டும் எனக்குப் பிடித்தது.

லைற் வந்துவிட்டது, துவக்கு வரவில்லை. நிலம் துடைக்கும் மொப் தடியின் சுற்றளவும் துவக்குக் குழலின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்று என்று நூல் பிடித்து அளந்து, அதை என் மொப்பில் பூட்டினார் அத்தான். அன்று முதல் இந்த வீட்டில் எதையும் தேடுவது அந்த மொப்பால்தான். கண்ணாடியைக் காணவில்லையா, மொப்பைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, சோபாவுக்கு அடியில் ஒரு வெளிச்சம். பால் முடிந்துவிட்டதா, பிரிட்ஜுக்குள் ஒரு வெளிச்சம். அதற்குள் ஏற்கெனவே பல்ப் எரிகிறது. ஒரு நாள் மாடிப்படியில் நின்று என் காலுக்கு வெளிச்சம் அடித்தார்.

"செருப்பை மாறிப் போட்டிருக்கிறீரப்பா."

"இஞ்சாருங்கோ, உதில இப்ப துவக்கு இருந்திருந்தா?"

"இல்லைத்தானே. இது லைற் மட்டும்தானே."

"உந்த லைற் எங்க விழுதோ அங்கதான் குழலும் பார்க்கும். இன்னதைத்தான் சுடப்போறன் எண்டு தெரிஞ்ச பிறகு அமத்துறது உது. செருப்புத் தேடுறதுக்கு வேற ரோச் லைற் இருக்கு."

"நீர் இதைப் பற்றி வாசிச்சிருக்கிறீர்!" என்று சந்தோஷப்பட்டார். வாசித்திருந்தேன்தான். மேசையில் கிடந்தால் யாரும் வாசிப்பார்கள்.

இனிப் போன புதன்கிழமைக்கு வருகிறேன். பொலிஸ் ஒஃபிசர் பின்நேரம் ஐந்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியை விதிப்படி மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியாயிற்று. இவருக்கு அது போதவில்லை. புது வீடு, புதுக் கார் எல்லாம் மந்திரிப்பிக்கிற நாங்கள் இதை எப்படிச் சும்மா விடுவது என்று, பங்குப் பாதரை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பாதர் வந்தது நாலே முக்காலுக்கு. வெறும் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "றொனால்ட், இதுக்கு என்ர புத்தகத்தில செபம் இல்லை. மீன்பிடி வள்ளத்துக்கு ஒண்டு இருக்கு, பறவாயில்லையோ?" என்றார். பறவாயில்லை என்றார் இவர். பாதர் மன்னார்க்காரர், குரலும் கடலுக்கு ஏற்ற குரல். புயலிலும் பேரலையிலும் இந்தக் கலத்தைக் காத்தருளும் என்று அவர் மாடிப்படிக்குக் கீழே முழங்கிக்கொண்டிருக்க, சமையலறை ஜன்னலால் பார்த்தால் எங்கள் குப்பை வாளியடியில் நரி.

இவர் மொப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். தீர்த்தச் செம்போடு பாதரும் பின்னால் ஓடினார். ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரியாது. மார்கழி ஐந்து மணி, வெளியே கும்மிருட்டு. வள்ளச் செபத்தில் அழைப்பு மணி ஒருவருக்கும் கேட்கவில்லை. மூன்று தரம் மணியடித்துக் களைத்த ஒஃபிசர், முப்பது வயதுப் பெண்பிள்ளை, பக்கக் கேற்றால் தோட்டத்துக்குள் வந்திருக்கிறார். சத்தம் கேட்ட பக்கம் இவர் மொப்போடு திரும்பி, அமத்தினார். ஆயிரத்து இருநூறு லூமன் அந்தப் பிள்ளையின் முகத்தில். பயந்துபோன பாதர் கையை உதறினார்; செம்பிலிருந்த தீர்த்தம் முழுக்க ஒஃபிசரின் தலையில். நரி நின்று பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் வேலிக்கு மேலால் போயிற்று.

"ஐயா, அந்தப் பொருளைக் கீழே வையுங்கள்" என்றார் ஒஃபிசர்.

"இது மொப், மேடம்" என்றார் இவர், இன்னும் அமத்திக்கொண்டே.

"விரலை எடுங்கோ!" என்று கத்தினேன். கலியாணம் கட்டி இருபத்திநாலு வருடத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பிள்ளைக்குத் துவாயும் தேத்தண்ணியும் கொடுத்து இருத்தினோம். சுவரைப் பார்த்தாலும் இரண்டு பாதர் தெரிவதாகச் சொன்னார். கண் தெளிந்ததும் பெட்டியடிக்குப் போனார். சாவி இருக்கும் இடம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். இவர் இரவிரவாகப் பாடமாக்கி வைத்திருந்த பதில் அது. "எனக்கு மட்டும்" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. அப்படியானால் திறந்து காட்டுங்கள் என்றார் ஒஃபிசர். இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏனென்றால் அத்தான், நத்தாருக்குச் செய்த கிறிஸ்மஸ் கேக் உள்ளே இருந்தது. டொக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்ன மனிதர் இருக்கிற வீட்டில், பிறண்டியில் ஊறுகிற கேக்கை வேறு எங்கே வைப்பது? சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டி இந்த வீட்டில் அது ஒன்றுதான். நான் போய் மிளகாய்த்தூள் ரின்னுக்குள் கரண்டியை விட்டுக் கிண்டிச் சாவியை எடுத்து வந்தேன். ஒஃபிசர் தும்மினார். பெட்டிக்குள் ஈயத்தாள் சுற்றிய நாலு கேக். "நாலு" என்று எழுதிக்கொண்டார். "மந்திரிச்சாச்சு" என்றார் பாதர்.

பிறகு ஒஃபிசர் என்னைத் தனியே சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கணவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, அவர் கையில் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமா. 'ஓம், பயம்தான்' என்ற ஒரு சொல் போதும், எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். கதவின் கண்ணாடிக்கு அப்பால் இவர் மொப்பைப் பிடித்தபடி, லைற்றை அணைத்துவிட்டு, இருட்டில் நின்றார். பயமில்லை என்றேன். பதினொரு மாதம் ஜன்னலடியில் இருந்தபோதுதான் பயமாக இருந்தது என்றேன். அதை எழுத அந்தப் பிள்ளைக்கு நேரம் எடுத்தது. போகும்போது, சாவி இவர் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், எனக்கு இடம்கூடத் தெரியக்கூடாது, தையில் மறுபடி வந்து பார்ப்பேன் என்றார். வாசலைத் தாண்டும்வரை சுவரைத் தடவிக்கொண்டுதான் போனார்.

இனிச் சேர்டிபிகற் வராது என்பது எனக்கு நிச்சயம். அந்தச் செய்தி பொலிஸிலிருந்து வந்தால் இவருக்கு மனம் உடைந்துவிடும். ஆகவே நீங்கள் முந்திக்கொண்டு, பண்ணைக் காவல் இந்த வயதுக்குச் சரிவராது, லைற்றைத் திருப்பி அனுப்பு என்று பக்குவமாக இரண்டு வரி இவருக்கு எழுதிவிடவும். நீங்கள் சொன்னால் கேட்பார். இனிமேல் பற்றரியில் எரியும் எதையும் எங்கள் விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிறக்கப்போகும் பாலன் உங்கள் இருவரையும் முழங்கால் நோவிலிருந்தும் மின்சாரக் கட்டணத்திலிருந்தும் காப்பாராக. அக்காவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனி
அஞ்சலீனா

பி.கு. (பங்குனி 20): இந்தக் கடிதம் தபாலில் போடாமல் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. தையில் அந்தப் பிள்ளை மறுபடி வந்து, சாவி எங்கே என்று என்னிடம் கேட்டார். இவர் ஒளித்ததை மூன்று கிழமை வீட்டைக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று நான் கொதித்த கொதிப்பைப் பார்த்து நம்பிவிட்டார். மாசியில் சேர்டிபிகற் வந்தது. போன வெள்ளி பண்ணைக்குப் போனோம். போனோம் என்றுதான் எழுதியிருக்கிறேன்: தேடுவதற்குக் கைலைற் பிடிக்க வேறு ஓர் ஆள் வேண்டும் என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். வேலியோரம் இரண்டு கண் மின்னின. "இப்ப அமத்துங்கோ" என்றேன். அமத்தினார். பட்டப்பகல் போல வெளிச்சம், நடுவில் நரி. இவர் சுடவில்லை. "வயித்தில குட்டி போல கிடக்கப்பா" என்றார். வெளிச்சத்துக்குப் பயந்தோ என்னவோ, அது அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லையாம், ஆட்டுக்குட்டிகளெல்லாம் சுகம். வருகிற வெள்ளியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இவருக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். எனக்கு மட்டும் நல்ல கைலைற் ஒன்று வாங்கி அனுப்பவும். என் கை சிறியது, பொத்தான் பெருவிரலுக்கு எட்ட வேண்டும். வேறு நிபந்தனை இல்லை. இவருடையதைவிடக் கொஞ்சம் கூடிய வெளிச்சமாக இருந்தால் போதும்.