சந்துக்குள் மட்டும் சூரர்கள்

எனக்குப் பந்து வீச வராது. பேட்டிங்கும் அப்படித்தான். நன்றாகப் பேச வரும் என்ற ஒரே தகுதியில், உப்பளம் பகுதியில் எங்கள் தெரு கிரிக்கெட் அணிக்கு என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். (பழைய கேப்டன் வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டதும் ஒரு காரணம்.)

எனக்குத் திருமணமான வருடம் அது. கோடைப் போட்டிகள் தொடங்குவதற்குள் மூன்று பந்துவீச்சாளர்களைப் பிடித்துவிட்டேன். குருசுக்குப்பம் அந்தோணிக்குக் கடலில் வலை வீசி உரமேறிய தோள். இப்ராகிம் இடதுகைக்காரன், அவன் போட்டால் பந்து காற்றிலேயே வளையும். கண்ணன் ஓடிவருவதைப் பார்த்தாலே பேட்ஸ்மேனுக்குப் பாதி உயிர் போய்விடும். எங்கள் சந்தில்தான் பயிற்சி. போட்ட பந்தெல்லாம் ஸ்டம்பைப் பெயர்த்தது. கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைப்பதா, ஷோகேஸில் வைப்பதா என்பது மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்த கவலை.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி கலா ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, பந்து செவுத்துல பட்டுட்டுத்தானே ஸ்டம்புக்கு வருது?"

"அதுக்குப் பேரு ஸ்விங். உனக்குப் புரியாது" என்றேன். (கல்யாணமாகி இரண்டே மாதம். அந்தத் தைரியம் அப்போது இருந்தது.)

முதல் ஆட்டமே, எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் என் மாமனார் வேலை பார்த்த தொழிற்சாலையின் அணியோடு. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அவரிடம் சவால் விட்டேன்: "மாமா, உங்க பசங்கள அம்பது ரன்ன தாண்ட உடமாட்டேன். குடும்பத்தோட வந்து பாருங்க."

"வந்துடறோம் மாப்ள" என்றார் அவர் அமைதியாக. சொன்னபடியே மாமியார், கலா, குடை, டிபன் கேரியர் சகிதம் வந்து எல்லைக்கோட்டருகே உட்கார்ந்தார்.

அம்பயர், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர்; எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. கிரிக்கெட்டை விதிப் புத்தகம் படித்தே கற்றவர். தயவு தாட்சண்யம் என்ற சொற்கள் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அந்தோணி முதல் பந்தை வீசினான். ஸ்டம்புக்கு இரண்டு ஆள் தூரம் தள்ளிப் போனது. அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார். வைடு. அடுத்ததும் வைடு. அதற்கடுத்ததும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த மைதானத்தில் சுவரே இல்லை. எங்கள் சந்தில் பந்து வைடாகப் போக இடம் இருந்ததே கிடையாது! இரண்டு பக்கச் சுவரும்தான் இத்தனை நாள் எங்களுக்காகப் பந்து வீசியிருக்கின்றன.

இப்ராகிமை அழைத்தேன். காற்றில் வளைந்த பந்து டீ கேனில் போய் விழுந்தது. கண்ணன் ஓடிவந்த வேகத்தில் நிற்க முடியாமல் அம்பயரையும் கூட்டிக்கொண்டு போனான்.

எதிரணி பேட்ஸ்மேன் என்னிடம் கெஞ்சினான். "அண்ணா, ஒரு பந்தாவது நான் தொடற மாரி போடச் சொல்லுங்கண்ணா. வீட்லேர்ந்து வந்துருக்காங்க."

அம்பயர் கைகளை விரித்தபடியே கேட்டார். "கேப்டன், நான் கைய எறக்கலாமா, இப்டியே இருக்கட்டுமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "குடுடா பந்த!" என்று பிடுங்கி, நானே வீசினேன். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன் என்று நினைக்கிறேன். பந்து எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் டிபன் கேரியர் உருண்டுகொண்டிருந்தது. மாமனாரின் வெள்ளைச் சட்டை முழுக்க மீன் குழம்பு. அம்பயர் கடமை தவறாமல் கைகளை விரித்தார்.

மாமனார் சட்டையில் ஒட்டியிருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அம்பது தாண்டிப் போச்சு மாப்ள" என்றார். அத்தனையும் நாங்கள் வைடாகத் தானம் கொடுத்த ரன்.

அன்றிலிருந்து வீட்டில் நான் பெருமை பேச ஆரம்பித்தால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இரண்டு கைகளையும் விரிப்பார்கள், அவ்வளவுதான். போன மாதம் மச்சினியைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். "பந்தி பொறுப்பு என்னோடது. ஒரு கொறையும் வராது" என்று ஆரம்பித்தேன். மாமனார், மாமியார், கலா மூவரும் ஒரே நேரத்தில் கைகளை விரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு, இது இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, எழுந்து நின்று பயபக்தியோடு தானும் கைகளை விரித்தார்.