மச்சாளின் மொரோக்கோச் சுவர்

வெரிபீ, மெல்பேர்ண்
செவ்வாய்க்கிழமை, மழை

ஸ்காபரோவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் மதிப்புக்குரிய நித்தியானந்தன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மாமி மகன் சிறி பணிவோடு எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று போன கிழமை த பேசின் கோவில் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மாதம் அவரே மலையடிவாரத்துக் குளிரில் கம்பளி தேடுகிறவர், ஆனபடியால் அருள் கனடா வந்துசேரக் கொஞ்சம் சுணங்கலாம்.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் உங்கள் கோபம் கேட்டது, இரண்டாம் தரம் உங்கள் இருமல் கேட்டது, மூன்றாம் தரம் பின்னால் அக்கா சம்பல் அரைக்கிற சத்தம் கேட்டது. "வசந்தினியின்ர சுவரைப் பழுதாக்கினதுக்கு மன்னிப்புக் கேள். போனில கேட்டியெண்டா பகிடி விட்டுத் தப்பிடுவாய், எழுத்தில தா" என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆறாம் வகுப்போடு சரிவராமல் போனது உங்களுக்குத் தெரியும், இருந்தும் எழுத்தில் கேட்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். எழுதாமல் விடவும் ஏலாது, ஏனென்றால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வசந்தினி மச்சாள் எனக்கு ஒரு கடிதம் தரவேண்டும். 'இந்தச் சிறியை எனக்குத் தெரியும், நல்ல மனிதன், இந்த நாட்டில் இருக்கவிடலாம்' என்று என்னுடைய விசா வழக்குக்கு வக்கீல் கேட்ட கடிதம். இந்த நாட்டில் எனக்கு உறவென்று கையெழுத்து வைக்கக்கூடிய ஆள் உங்கள் தங்கச்சி ஒருத்திதான். அந்தக் கடிதம் இப்போது அவவின் குசினிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன், வாசித்துவிட்டு யாரில் பிழை என்று நீங்களே சொல்லுங்கோ. என்னில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

எல்லாம் போன வருடம் மச்சாளும் அவவின் மனிதர் சுஜீதனும் மொரோக்கோ போனதில் தொடங்கியது. போனால் நாலு இடம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதுதானே வழக்கம். இவர்கள் போனது மெல்லப் பயணமாம். அவசரப்படாமல் ஒரே ஊரில் ஐந்து கிழமை குந்தியிருந்து, அந்த ஊர் ரொட்டியைத் தின்று, அந்த ஊர் பூனையைத் தடவி, அந்த ஊர் காற்றைச் சுவாசிப்பதாம். திரும்பி வந்து எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு தந்து, புதினாத் தேத்தண்ணியை ஒரு முழம் உயரத்தில் இருந்து ஊற்றி, பாதி என் தொடையில் விழ, "சிறி மச்சான், நீங்களும் வாழ்க்கையில ஒருக்காலாவது மெல்லப் பயணம் போகவேணும்" என்றா. நான் சொன்னேன், "போனனான் மச்சாள், பத்தொன்பது நாள். ஒரு இடத்திலயும் அவசரப்படேல்லை. எஞ்சினே ரெண்டு நாள் நிண்டு கடலை ரசிச்சது." எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். சுஜீதன் போனை எடுத்து நேரம் பார்த்தார், கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். நான் பகிடிக்குத்தான் சொன்னேன் அத்தான், மச்சாளைப் பகிடி பண்ணாவிட்டால் மச்சான் என்று ஒருத்தன் எதற்கு. படகில் வந்தவன் பகிடி விட்டால் மட்டும் ஏனோ எல்லாருக்கும் பசி அடங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு மச்சாளின் கிளென் வேவர்லி வீட்டுக்குள் மொரோக்கோ புகுந்தது. கதிரைகள் எல்லாம் கராஜுக்குப் போய், தோலில் தைத்த உருண்டை மெத்தைகள் வந்தன. அதில் உட்காரலாம், எழும்ப முடியாது. விருந்துக்கு வந்த சிறீஸ்கந்தராசா அங்கிளை நானும் சுஜீதனும் ஆளுக்கொரு கையில் பிடித்துத்தான் மீட்டோம். தொள்ளை போட்ட பித்தளை விளக்கு ஒன்று தொங்குகிறது, அதன் வெளிச்சத்தில் சுவரெல்லாம் நட்சத்திரம் தெரியும், கோப்பையில் இருப்பது கத்தரிக்காயா கணவாயா என்றுதான் தெரியாது. ஹோலில், நல்ல சட்டம் போட்டு, ஒரு மனிதனின் படம். மாட்டின கிழமையில் நான் அவரை யாரோ சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டும் விட்டேன். அவர் ஹமீதாம். ஃபெஸ் என்கிற ஊரில் களிமண்ணைக் குழைத்து, சூளையில் சுட்டு, பச்சை மினுக்கம் பூசி, நிலத்தில் சம்மாணம் கொட்டி இருந்து சுத்தியலால் ஒவ்வொன்றாகக் கொத்தி டைல் செய்கிறவராம். "அவற்ற கையைப் பாருங்கோ மச்சான்" என்று படத்தைத் தொட்டுக் காட்டினா. நான் பதின்மூன்று வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், மூன்று குளியலறைக்கும் டைல்ஸ் ஒட்டினவன் நான், என்னுடைய படம் அங்கே குளிர்ப்பெட்டிக் கதவில்கூட இல்லை.

ஹமீது செய்த டைல்ஸ் நாலு மாதம் கப்பலில் மெல்லப் பயணம் செய்து பதினைந்து பெட்டியில் வந்து சேர்ந்தது. மச்சாள் என்னைக் கூப்பிட்டு, "அடுப்புக்குப் பின்னால இருக்கிற சுவருக்கு. பாத்து ஒட்டுங்கோ, இது சும்மா டைல் இல்லை" என்று வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு, சிட்னியில் பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் போய்விட்டா. நான் முதல் பெட்டியைத் திறந்தேன். அத்தான், கையில் எடுத்த ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன். ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு, ஒன்று வாழையிலைப் பச்சை, ஒன்று பாசிப் பச்சை, விளிம்பெல்லாம் எலி கொறித்த மாதிரி. இரண்டாம் பெட்டியும் அப்படி, பதினைந்தாம் பெட்டியும் அப்படி. ஐந்து கிழமை குந்தியிருந்தும் இவர்களை நல்லாய் ஏமாற்றிவிட்டான் ஹமீது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் கோணல் டைலை ஒட்டுகிறவனுக்கு அடுத்த வேலை கிடைக்காது. போனில் சொல்லியிருக்கலாம் என்று கேட்பீர்கள். விசேஷ வீட்டில் பட்டுச்சீலையோடு நிற்கிற மச்சாளிடம், நீ ஏமாந்துபோனாய் என்று எப்படிச் சொல்வது. சொந்த மாமன் மகள். அவ வருவதற்கு முதல் நானே வெளியே தெரியாமல் சரிக்கட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

மூன்று நாளும் நான் வீட்டுக்கே போகவில்லை. படுத்தது தோல் மெத்தையில், அதனால் விடிய எழும்பினது தவண்டு. ஒவ்வொரு டைலாக எடுத்து விளிம்பை கிரைண்டரில் தேய்த்து நேராக்கினேன், கொறிபட்ட இடத்தைப் பச்சைச் சாயம் கலந்த சீமெந்தால் அடைத்தேன், நிறம் பார்த்துப் பிரித்தேன், இடையில் பிளாஸ்டிக் குருசு வைத்து, மட்டம் வைத்து, நூல் பிடித்து ஒட்டினேன். ஒன்றுக்கும் உதவாது என்று கழித்தது மட்டும் ஐந்து பெட்டி. அதை என் பழைய வான் வண்டியில் ஏற்றிக் குப்பைக்குக் கொண்டுபோனேன், எனக்கு ஒரு சொட்டும் கவலை இல்லை. சுவர் முடிந்தபோது ஒரு கோலிக்குண்டை மேலிருந்து விட்டால் தட்டாமல் தடங்காமல் வழுக்கிக்கொண்டு வரும். எறும்பு ஏறினால் வழி தெரியாமல் அழும்.

ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். நான் குளித்து, தலை இழுத்து, சுவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். மச்சாள் வந்தா, பார்த்தா, பயணப் பையை நிலத்தில் போட்டா. சந்தோசத்தில் என்று நினைத்தேன். மகள் அக்ஷராதான் முதல் வாய் திறந்தாள். "அங்கிள், இட் லுக்ஸ் லைக் அன் எயார்போட் டொய்லெட்."

"தாங்ஸ் பிள்ளை" என்றேன். விமான நிலையக் கழிப்பறை எவ்வளவு துப்புரவு, அதற்கு டைல்ஸ் ஒட்டக் கெட்டித்தனமான ஆட்களைத்தானே எடுப்பார்கள்.

அப்போதுதான் மச்சாள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்தினா. "இதில அந்த மனிசன்ர கை இருந்தது, சிறி மச்சான். நீங்கள் அதைத் தேய்ச்சு விட்டிட்டியள்."

"அவன்ர கை கோணலாய் இருந்தது மச்சாள். உங்களை ஏமாத்திப்போட்டான் எண்டு, வெளியில தெரியாமல் நேராக்கினன்."

"கோணலுக்காகத்தான் வாங்கினது. குறைதான் அழகு."

சுஜீதன் இடையில் வந்து, "சிறியண்ணை, இடைவெளி விடாமல், அப்பிடியே கலந்து, மேடு பள்ளமாய் ஒட்டவேணும். அதுதான் அதின்ர முறை" என்றார். பாவம், அவர் ஒரு ஆணி அடித்தாலும் சுவர்தான் நோகும்.

"அப்ப அதைப் போகேக்க சொல்லியிருக்கலாமே. பாத்து ஒட்டு எண்டு சொன்னியள், பாத்தன், ஒட்டினன்."

"மிச்சம் எங்க?"

"குப்பையில."

அவ அழுதுவிட்டா அத்தான். அது பொய் அழுகை இல்லை, அதை மட்டும் நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் என் விரலையும் பாருங்கோ, கிரைண்டர் பட்டு மூன்று இடத்தில் வெட்டு. ஃபெஸ்ஸில் இருக்கிற கை கலை, வெரிபீயில் இருக்கிற கை வெறும் கூலி. குறைதான் அழகு என்கிற சட்டம் டைலுக்கு உண்டு, விளக்குக்கு உண்டு, வெடித்த கோப்பைக்கும் உண்டு, மச்சானுக்கு மட்டும் இல்லை. மச்சானின் ஆங்கிலம் கோணல், மச்சானின் வான் கோணல், மச்சான் வந்த வழி இன்னும் கோணல், அதெல்லாம் விருந்தாளிகள் வரும் நாளில் கராஜுக்குப் போகவேண்டியது.

ஆகவே மன்னிப்புக் கேட்க மாட்டேன். நேராக்கினது குற்றமென்றால் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் குற்றவாளி. கோணல் டைல் கோணல்தான், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு வேலையில்லை, அதை வடிவு என்று சொல்கிறவருக்குக் கண்ணில்லை. கடிதம் தராவிட்டால் போகட்டும். அவுஸ்திரேலியாவில் என்னை நல்லவன் என்று சொல்ல ஆளில்லை என்றால், மட்டக்கோலைக் கொண்டுபோய் வக்கீலின் மேசையில் வைத்துவிட்டு வருகிறேன், அது சொல்லட்டும்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகள் தமிழில் ஒரு சொல்லாவது திருப்பிச் சொல்லும் நாள் வரட்டும், உங்கள் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கோ. கோபம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் மறவாத,

மச்சான் சிறி

பி.கு: இன்று புதன். உறை ஒட்டவில்லை, நல்ல காலம். காலையில் சாரமும் பெனியனுமாய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றேன், கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் வசந்தினி மச்சாள். பதின்மூன்று வருடத்தில் வெஸ்ட்கேட் பாலம் தாண்டி என் வாடகை வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தரம். "போன் பண்ணிட்டு வாறதுக்கென்ன" என்றேன். "பண்ணினா நீங்கள் ஓடிடுவியள்" என்று நேரே குசினிக்குள் போனவ அப்படியே நின்றுவிட்டா. என் அடுப்புக்குப் பின்னால் அந்த ஐந்து பெட்டியும் ஒட்டியிருந்தது. எறியத்தான் கொண்டுவந்தேன் அத்தான், ஒன்றின் பின்பக்கத்தில் ஹமீதின் பெருவிரல் பதிந்திருந்தது, அதை எப்படி எறிவது. மட்டம் வைக்கவில்லை, நூல் பிடிக்கவில்லை, இடைவெளி விடவில்லை, நிறத்தைக் கலந்து மேடு பள்ளமாய், சுஜீதன் சொன்ன மாதிரியே. காலை வெளிச்சம் பட்டால் கடல் அசைகிற மாதிரி இருக்கும். அந்தப் பத்தொன்பது நாளுக்குப் பிறகு எனக்குக் கடல் பார்க்க ஏலாது என்று உங்களுக்குத் தெரியும், இது அடுப்புக்குப் பின்னால் அடங்கி நிற்கிறது, பார்க்கலாம். "கள்ளன்" என்றா மச்சாள். "ஓம்" என்றேன். பிறகு கைப்பையில் இருந்து விசாக் கடிதத்தை எடுத்துத் தமிழில் வாசித்தா. 'இவருக்குக் கோணலைப் பார்த்தால் பொறுக்காது, கேட்காமலே நேராக்கிவிடுவார், அடுத்தவர் வெட்கப்படக்கூடாது என்று மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் வேலை செய்வார்' என்று எழுதியிருக்கிறா. கையெழுத்துப் போட்ட திகதி திங்கட்கிழமை. நான் மேலே உள்ளதையெல்லாம் எழுதினது செவ்வாய். ஆகவே அத்தான், மன்னிப்புக் கேட்கிறேன், எழுத்தில், மேலே உள்ளதை வாசிக்காத மாதிரி வாசியுங்கோ. அவவின் சுவரைக் கழட்ட வேண்டாமாம், வந்து பார்க்க இங்கே ஒரு சுவர் இருக்கிறதாம். ஆனால் ஒரு படம் வேணுமாம், ஹமீதுக்குப் பக்கத்தில் மாட்ட, ஆணியும் இன்றைக்கே அடிக்கப்போகிறாவாம். சேட்டுப் போட்டுக்கொண்டு வாறன் என்றேன். "வேண்டாம் மச்சான், அப்பிடியே நில்லுங்கோ, அதுதான் கைவேலைக்காரன் மாதிரி இருக்கு" என்று எடுத்துவிட்டா. சுவர் வடிவாய் வந்திருக்கிறது, என் பெனியனில் இருக்கிற இரண்டு ஓட்டையும் நல்லாய்த் தெரிகிறது. அதுதான் அழகாம்.