நாலாவது பாராமீட்டரை நீக்கியது குறித்து மச்சானுக்கு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். நிற்க.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வரன் பேசப் பையன் வீட்டார் வருகிறார்கள். உங்களைக் கூப்பிடாததற்குக் காரணம் கோபமில்லை, என் தொழில்.

கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அதை ஓட்டும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதைச் சுத்தம் செய்வது என் வேலை. அதில் ஃபங்ஷன் என்கிற ஒரு சின்ன நிரல் துண்டைக் கூப்பிடும்போதெல்லாம் நாலு தகவலைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், பாராமீட்டர் என்போம். போன வாரம் உள்ளே திறந்து பார்த்தால், மூன்றைத்தான் அது பயன்படுத்துகிறது, நாலாவதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக நூற்றுப்பன்னிரண்டு இடங்களிலிருந்து ஆளாளுக்கு அதை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் பக்கத்து மேஜைக்காரர். விடுவேனா? அத்தனை இடத்திலும் வெட்டி எறிந்து ஓட்டிப் பார்த்தேன், பிசிறில்லாமல் ஓடியது. எங்கள் பிரிவுத் தலைவி, எல்லாவற்றிலும் பிழை பார்ப்பதால் நாங்கள் 'டீச்சர்' என்று கூப்பிடும் அம்மாள், அவரிடம் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை அவருக்கே வேலையில்லை.

அந்த ஜோரில் வீட்டைப் பற்றியும் யோசித்தேன் மச்சான். வீடு மாற்றினோம், உங்களைக் கேட்டோம். மகளைக் கல்லூரியில் சேர்த்தோம், உங்களைக் கேட்டோம். ஃப்ரிட்ஜ் வாங்கினபோதும் விட்டோமா, இல்லையே. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து "பார்த்துச் செய்யுங்க"ன்னு சொல்லிட்டுப் போவீங்க, நாங்களும் பார்த்துத்தான் செஞ்சோம், நீங்க வராம இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்போம். உங்க தங்கை மூணு நாளா என்னோடு பேசவில்லை, அதுவும் போகப் போகச் சரியாகிவிடும். இனி நீங்கள் நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருங்கள்.

அக்காவுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சிரமத்தைக் குறைத்த மகிழ்ச்சியில்,
வீட்டு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சரின் பதில் வந்தது. நான் ஓட்டிப் பார்த்தது புது ரக இயந்திரத்தில் மட்டும். பழைய ரகத்துக்கான பகுதியை நான் திறக்கவே இல்லை. அங்கே எல்லாம் பழுதாகிக் கணினி நின்றுபோனால், அந்த நாலாவதை வைத்துத்தான் மறுபடி எழுந்திருக்கிறதாம். நூற்றுப்பன்னிரண்டையும் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டார். சரி, அது ஆபீஸ் சமாச்சாரம், வீட்டு விஷயத்தில் நான் செய்தது சரிதானே என்று மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். முழுக்கப் படித்து, மடித்துக் கொடுத்தாள். "ஒருவேளை எனக்குப் பிடிக்கலேன்னா, மாமா இல்லாம நான் யார்கிட்டப்பா சொல்றது?" என்றாள். என்னிடம் சொல்லலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. அவர்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். நீங்கள் எட்டு மணிக்கே வந்து அவளோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிடுங்கள் மச்சான்.