கர்னலுக்குக் கொம்பு முளைத்த வரலாறு

எங்கள் மலையில் ஆடுகள் அழுக்காக இருக்கின்றன என்ற மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை திரு. க்ரிஸ்பின் அவர்களையே சாரும். இங்கிலாந்தின் இந்த வடக்கு மூலையில் தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்த எவனுக்கும் அது தெரியவில்லை. என் அப்பனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. லண்டனிலிருந்து வந்து, பழைய ஜெபக்கூடத்தை விலைக்கு வாங்கி, பிரசங்க மேடை இருந்த இடத்தில் வெந்நீர்த் தொட்டி கட்டிக்கொண்ட ஒரு மனிதர் வந்துதான் எங்கள் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது.

நான் ஓர் இணையதளம் நடத்துகிறேன். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே கைகழுவிவிட்டது. ஆனாலும் இரண்டு விரலால் தட்டித் தட்டியே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து. உச்சியில் பனி விழுந்ததா, எந்தப் படலின் கொண்டி உடைந்தது, எவன் காளை எந்த வயலில் நின்று யாரை முறைக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஊரே தேடிப் பார்ப்பது ஒரே பக்கத்தைத்தான்: ‘காணாமல் போன ஆடுகள்’. மேலே பொது மேய்ச்சல் மலைக்கு வேலி கிடையாது. ஆடு தன் இஷ்டத்துக்குப் போகும். கண்டவர் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். கம்பளியில் பூசிய சாயக் குறியைப் பார்த்தால் யார் வீட்டு ஆடு என்று தெரிந்துவிடும். இடது தோளில் சிவப்புக் கோடு என்றால் பக்கத்துப் பண்ணை டைனா. பின்புறத்தில் நீலப் பொட்டு என்றால் நான். போன் போடுவேன், ஆடு வீடு திரும்பும்.

இந்த நிலையில்தான் என் பக்கங்களை இத்தனை நாள் வைத்திருந்த கம்பெனி கடையை மூடியது. அதே வாரம் க்ரிஸ்பின் கதவைத் தட்டினார்.

“ஆமோஸ் சார், உங்க தளத்தைப் பார்த்தேன். அழுதுட்டேன்.”

“யாருக்கு என்ன ஆச்சு?”

“அப்படி இல்ல சார். அவ்வளவு உண்மையா இருக்கு. ஆனா அந்தப் பச்சையும் மஞ்சளும் கண்ணை வலிக்குது.”

“கண்ணு வலிச்சா தண்ணி வரத்தான் செய்யும்.”

“நான் புதுசா வடிவமைச்சுத் தர்றேன். இலவசம்!”

இலவசம் என்று சொல்பவனை நான் வாசலைத் தாண்ட விடுவதில்லை. ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கும் வேறு வழி இல்லை.

திறப்பு விழா மதுக்கடை மாடியில், திரை கட்டி, ‘பயனரின் உணர்ச்சிப் பயணம்’ என்ற தலைப்பில் நடந்தது. தளத்தைத் திறந்ததும் மூடுபனி வந்தது. அது மெல்ல மெல்ல விலகியது. ஜன்னலைத் திறந்தால் சும்மா கிடைக்கிற மூடுபனியை இணையத்தின் வழியாகவும் வரவழைத்தது சாதாரணச் சாதனை அல்ல. ‘காணாமல் போன ஆடுகள்’ என்பது ‘எதிர்மறை உணர்வு’ தருகிறதாம். ஆகவே அது ‘சுதந்திரப் பயணிகள்’ ஆனது. போன் நம்பரும் இடத்தின் பெயரும் ‘காட்சி இரைச்சல்’. ஆகவே நீக்கம். இனிமேல் படங்கள் எனக்கு வரவேண்டியதில்லை, நேராக ‘உள்ளடக்கக் குழு’வுக்குப் போகும் என்றார். குழு என்பது அவரும் அவர் நாயும். நாய் நல்ல நாய்.

நாங்கள் கை தட்டினோம். அன்று பீர் அவர் செலவு.

அந்த வாரம்தான் டைனாவின் கிடா கர்னல் மலையில் காணாமல் போனது. டைனா புருஷனைப் புதைத்த பிறகு தனியாகப் பண்ணை பார்க்கிறவள். இருந்தது ஒரே கிடா. தபால்காரரின் வண்டியோடு நடந்த வாக்குவாதத்தில் அதன் இடது கொம்பு பாதி போய்விட்டது. வண்டிக்கு அதைவிடச் சேதம். நவம்பரில் கிடாவைப் பெட்டைகளோடு விடவேண்டும். விடாவிட்டால் வசந்தத்தில் குட்டி கிடையாது.

“குட்டி இல்லேன்னா நான் எதை விக்கிறது? உன் மூடுபனியையா?” என்றாள் என் சமையலறையில் உட்கார்ந்து.

“அது என் மூடுபனி இல்ல. க்ரிஸ்பின் மூடுபனி.”

தினம் வந்து தளத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு கிடாதான் இருந்தது. பால்போல வெளுத்த உடம்பு, மாசு மறு கிடையாது. இரண்டு கொம்பும் கோவில் தூண் சிற்பம்போலச் சுருண்டிருந்தன. கீழே ‘தனிமையின் அரசன்’ என்று எழுதியிருந்தது. ஊர்பேர் தெரியாதவர்கள் இதயம் இதயமாகக் குத்தியிருந்தார்கள்.

“யோவ் ஆமோஸ், யாருய்யா இது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி?”

“குறியே இல்லியேம்மா. நம்ம பக்கத்து ஆடா இருக்காது.”

“மூஞ்சி மட்டும் கர்னல் மூஞ்சி. என்னைப் பாத்தா இப்படித்தான் முறைப்பான்.”

“கர்னலுக்கு ஒண்ணரைக் கொம்புதானே?”

“ஆமா. அதுக்குள்ள முளைச்சிருக்குமா என்ன?” என்றவள் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். “யோவ்! நிழலைப் பாரு!”

கிடாவுக்குப் பின்னால் கல்சுவர். அதில் விழுந்த நிழலில் இடது கொம்பு பாதிதான் இருந்தது. கொம்பை ஒட்டவைத்தவர் நிழலுக்கு வைத்தியம் பார்க்க மறந்துவிட்டார்.

ஜெபக்கூடத்துக்குப் போனோம். க்ரிஸ்பின் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து துண்டோடு வந்தார்.

“ஆமா மேடம், தோள்ல சிவப்பா ஒரு கறை இருந்துச்சு. ரத்தம்னு நெனச்சேன். பார்வையாளர்கள் கலங்கிடுவாங்கன்னு எடுத்துட்டேன்.”

“கொம்பு?”

“சமச்சீரா இல்ல.”

“என் புருஷனுக்கும்தான் ஒரு காது சின்னது. நான் ஒட்டவச்சேனா?”

“மத்த ஆடுங்க?” என்றேன் நான்.

அவர் முகம் மலர்ந்தது. “ஒண்ணு விடல சார். எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்!”

கர்னலின் அசல் படம் இன்னும் கணினியில் கிடந்தது. சிவப்புக் கோடு, ஒண்ணரைக் கொம்பு, கூடவே ஒரு செய்தி: ‘மலைக்கு அந்தப் பக்கம் கூடாரத் தங்குமிடம் நடத்துகிறேன். இந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் யாரோ, உடனே வரவும். இது கூடாரங்களை இடிக்கிறது. ஒன்றில் ஆள் இருந்தார்.’ அதற்கு ‘உள்ளடக்கக் குழு’ பதிலும் அனுப்பியிருந்தது: ‘உங்கள் அழகான கதையைப் பகிர்ந்ததற்கு நன்றி.’

கணவாயைப் பனி மூடுவதற்குள் போய்க் கர்னலை வண்டியில் ஏற்றினோம். வரும் வழியெல்லாம் அது பலகையை முட்டிக்கொண்டே வந்தது. அடுத்தவன் ஆடு இப்படி முட்டாது, இது தன் கர்னலேதான் என்று டைனா சிரித்தாள். மறுநாள் புதுச் சாயம் பூசும்போது க்ரிஸ்பின் தானே வந்து கிடாவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெள்ளைக் கம்பளிச் சட்டையின் இடது தோளிலும் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. எங்கள் வழக்கப்படி அவர் அந்தக் கணமே டைனாவின் உடைமை.

“எனக்கு வேணாம். அவுத்து விடு,” என்றாள் அவள்.

கர்னல் கடமைக்குத் திரும்பியது. மற்றவர்கள் தங்கள் ஆடுகளை, மலையின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து, வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே தேடி ஓட்டி வந்தார்கள். மாதக் கடைசியில் வழிதவறிய ஆடுகளைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்டுக்காரர் கூட்டம், சாப்பாட்டோடு நடந்தது. க்ரிஸ்பினும் கண்ணாடிக் கோப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைநகரில் ஏதோ சங்கம் ‘கிராமிய உண்மையை மிகச் சுத்தமாகக் காட்டிய தளம்’ என்று அவருக்கு விருது கொடுத்திருந்தது. இலவசத்தின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஆமோஸ் சார், நீங்க ரெண்டு வார்த்தை பாராட்டிப் பேசணும்,” என்றார்.

எழுந்தேன். பாராட்டத் தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

“நண்பர்களே, நாகரிகம் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் இதே மலையில் ஒருவன் அடுத்தவன் ஆட்டின் மேலிருந்த குறியை அழித்தான். பாவம், ஒரே ஒரு ஆடு. ஆட்டுத் திருடன் என்று அவன் கழுத்துக்குக் கயிறு கொடுத்தார்கள். திரு. க்ரிஸ்பின் மலையிலிருந்த அத்தனை பேர் ஆட்டின் குறியையும் அழித்தார். கைக்குக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள்.”