மதகு வரை அணிவகுப்பு

உரத்த தொண்டை உள்ளவர்களைப் பிடித்துத் தலைவராக்கிவிடுவது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உள்ள கெட்ட பழக்கம். எனக்குத் தொண்டை உண்டு. அதைத் தவிர வேறு தகுதி எதுவும் கிடையாது என்பதை, தலை பாதி நரைத்துவிட்ட இந்த வயதிலாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் என்னை மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். (என்னை எதிர்த்து நின்ற பையன் பிரச்சாரப் பேச்சின்போது பேச்சு மறந்துபோய் மேடையிலேயே அழுதுவிட்டான். என் அரசியல் வெற்றியின் முழு ரகசியமும் அதுதான்.)

கல்வராயன் மலைமேல் எங்கள் பள்ளி. மலையில் சமதரை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சரிவை வெட்டி நிரவிய ஒரே ஒரு மைதானம் இருந்தது. அது பையன்களுக்கு. பந்தும் அவர்களுக்கு, வலையும் அவர்களுக்கு. விளையாட்டுப் பீரியடில் பெண்களாகிய எங்களுக்கு நீதிபோதனை. அதாவது, வகுப்பில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே பையன்கள் பந்தடிப்பதைப் பார்க்கலாம். நீதி அவ்வளவுதான்.

"பெண்களுக்கும் மைதானம்" என்று தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தேன். வென்ற கையோடு தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றேன்.

"இருக்கறது ஒரு கிரவுண்டு. பசங்க விளையாடற எடத்துல நீங்க போயி இன்னாம்மா பண்ணப் போறீங்க?" என்றார் அவர்.

"சார், திங்கக்கெழமை தவறாம பிரேயர்ல ரெண்டு பொண்ணுங்க மயக்கம் போட்டு வுழறாங்க. எட்டு பீரியடும் குந்திக்கினே இருந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"மயக்கம் போடறவங்களா ஓடப் போறாங்க?"

"ஓடாததாலதான் சார் மயக்கமே!"

இதை எந்த மருத்துவரிடமும் நான் கேட்டதில்லை. சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு பந்தயம் வைத்தார்.

"அடுத்த மாசம் கள்ளக்குறிச்சியில ஸ்போர்ட்ஸ். இந்த ஸ்கூல்ல இருந்து பொண்ணுங்க யாரும் இதுவரிக்கும் போனதில்ல. நீங்க போங்க. ஒரு கப்பு, ஒரே ஒரு கப்பு கொண்டாந்தீங்கன்னா வாரத்துக்கு ரெண்டு நாளு கிரவுண்டு உங்களுது. கொண்டாரலன்னா இந்தப் பேச்சை நீ பத்தாவது முடிச்சிப் போற வரிக்கும் எடுக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், ஓடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஓட்டக்காரி. அஞ்சலை. தூரத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து மலைச்சாலையில் தினமும் ஓடியே பள்ளிக்கு வருவாள். (நடந்து வந்தால் பிரேயருக்குத் தாமதமாகிவிடும். தாமதமானால் முட்டி போடணும். அதுதான் அவளுடைய பயிற்சித் திட்டம்.) ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு அவள் பெயரைக் கொடுத்தோம். ஆனாலும் ஒருத்தியை நம்பி இறங்க எனக்குத் தைரியமில்லை. அணிவகுப்புக்கும் ஒரு கப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். நடப்பதற்குக் கப்பு! தினமும் காட்டு வழியில் நடந்து நடந்து கால் தேய்ந்த எங்களைவிட யார் நன்றாக நடந்துவிடப் போகிறார்கள்?

கல்லூரியில் ஒரு வருஷம் என்.சி.சி.யில் இருந்த அறிவியல் ஆசிரியை சுகுணா டீச்சர் பயிற்சி கொடுக்க முன்வந்தார். மைதானம்தான் பையன்களுடையதாயிற்றே, சாலையில் பயிற்சி எடுத்தோம். பள்ளி வாசலில் கிளம்பி, ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஓடை போவதற்காகச் சாலைக்கடியில் கட்டியிருந்த மதகு வரைக்கும். வரிசைக்கு எட்டுப் பேராக மூன்று வரிசை, முன்னால் கொடியோடு நான். இரண்டு நாள் கூடவே வந்த டீச்சர், மூன்றாம் நாள் முதல் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தத் தொடங்கிவிட்டார். "மதகு வரிக்கும் போயிட்டு வந்துடுங்கடி" என்பார். நாங்களும் போவோம். மதகு வந்ததும் இருபத்து நான்கு வலது கால்களும் ஒன்றாகத் தரையை மிதிக்கும். 'ட்டக்!' ஒரே சத்தம். மதகின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கதை பேசிவிட்டு, கும்பலாகத் திரும்பி வருவோம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் முழுவதும் நான் 'நில்' என்று சொன்னதே இல்லை. தேவைப்படவில்லை. அதுதான் மதகு இருக்கிறதே! 'திரும்பு' என்றும் சொன்னதில்லை. சாலை எப்படிப் போகிறதோ அப்படியே நாங்களும் போவோம். டீச்சர் கட்டளைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, "மனப்பாடம் பண்ணிடு தனம்" என்று கொடுத்திருந்தார். நான் மனப்பாடம் செய்தது 'வலப்பக்கம் பார்' ஒன்றை மட்டும்தான். அதைச் சொல்லும்போதுதான் மேடையில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

போட்டி நாளன்று பொழுது விடியும் முன்பே மலையிறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் பேருந்தில் வாந்தி எடுத்து முடித்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி மைதானத்தில் இறங்கிப் பார்த்தால், எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்கள் வெள்ளை ஷூவும் வெள்ளைக் கையுறையுமாகப் பளபளவென்று நிற்கிறார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அண்ணனுடைய வெள்ளைக் காலுறையைப் பையில் வைத்திருந்தேன். அதை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். கட்டளைத் தாளை மடித்து வலது கைக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? (கொடிக்கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலுறைக்குள் இருக்கும் தாளை எதை வைத்து எடுப்பது? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

எங்கள் முறை வந்தது. மேடையை நெருங்குமுன் ஒலிபெருக்கியில், "கல்வராயன் மலையிலிருந்து முதன்முறையாக..." என்று ஒரு குரல் முழங்கியது. கூட்டம் கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "வலப்பக்கம்... பார்!" என்று கத்தினேன். இருபத்து ஐந்து முகங்களும் மேடைப் பக்கம் திரும்பின. பிரமாதம். மேடை கடந்தது. முகத்தை நேராக்கவும் ஒரு கட்டளை உண்டு. அது காலுறைக்குள் இருந்தது.

ஓடுதளம் அந்த இடத்தில் இடப்பக்கமாக வளையும். எதிரே நேராக மைதானத்தின் இரும்புக் கேட், அகலத் திறந்தபடி. நாங்கள் வளைவைப் பார்க்கவில்லை. எல்லோரும் வலப்பக்கம் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்! வாசலில் நின்ற கடலை வண்டிக்காரர் மரியாதையாக வண்டியைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டார். இடது, வலது, இடது, வலது என்று சேலம் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

வெளியே வந்ததை நான் உணரவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். நாலாவது கடையிலேயே உணர்ந்துவிட்டேன். ஆனால் நிறுத்துவது எப்படி? 'நில்லுங்கடி' என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது? ரோட்டில் பேருந்துகள் ஒதுங்கின. கரும்பு ஏற்றிய டிராக்டரில் இருந்தவர், "எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். நான் தலைவிக்குரிய மிடுக்கோடு பதில் சொல்லாமல் நடந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர், "இன்னா கட்சிம்மா?" என்றார். மலையேறிப் பழகிய பழக்கத்தில் சமதரையிலும் நாங்கள் முன்னால் சாய்ந்துதான் நடந்தோம். பார்த்தவர்களுக்கு ஏதோ அவசரப் போராட்டம் என்றே தோன்றியிருக்கும்.

நல்லவேளை, ஒரு கிலோமீட்டர் தள்ளி அந்த ரோட்டிலும் ஒரு மதகு இருந்தது.

ட்டக்!

நான் எதுவும் சொல்லவில்லை. தாமாகவே நின்றார்கள். எங்கள் அணிவகுப்பு வரலாற்றில் அவ்வளவு கச்சிதமாக நின்றது அன்றைக்குத்தான். பார்க்கத்தான் நடுவர்கள் இல்லை. ஒரே ஒரு எருமை நின்றிருந்தது.

முதல் வரிசையிலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "ஏ தனம், கிரவுண்டு எங்கடி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுகுணா டீச்சர் வந்து சேர்ந்தார்.

"அடிப்பாவிங்களா! மார்ச் பாஸ்ட்டுல நம்ம பேரை அடிச்சிட்டாங்க. அங்க ஆயிரத்தைந்நூறு கூப்ட்டுக்கினு இருக்காங்க. அஞ்சலை எங்கடி?"

ஒரு கப்பு போய்விட்டது. மிச்சம் ஒரு கப்பு, ஒரு அஞ்சலை. கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓடுங்கடி!" என்றேன். இருபத்து ஐந்து பேரும் ஓடினோம். கடைசி அழைப்பில், மூச்சிரைக்காமல் கோட்டில் போய் நின்றவள் அஞ்சலை மட்டும்தான். மற்ற பள்ளிப் பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் சோம்பல் முறித்தபடி எழுந்து வந்தார்கள்.

அந்த மைதானத்தில் ஐந்து சுற்று. விசில் அடித்ததும் அஞ்சலை பாய்ந்தாள். வளைவுக்கு வரும்போது அவள்தான் முதல். நான் துள்ளிக் குதித்தேன். மறுநொடி அவள் வளையாமல் நேரே கேட்டைப் பார்த்து ஓடினாள். பாவம், அவளுக்கும் தெரிந்தது சாலை ஒன்றுதானே! கடலை வண்டியைக் கண்டதும்தான் சுதாரித்துத் திரும்பினாள். அதற்குள் கடைசி ஆளாகிவிட்டாள்.

அன்று காலையிலிருந்து என் மூளை வேலை செய்த முதல் தருணம் அதுதான். "எல்லாரும் கேட்டுப் பக்கம் வாங்கடி!" என்று கத்தினேன். ஓடுதளக் கோட்டுக்கு வெளியே, கேட்டை மறைத்தபடி, இருபத்து நான்கு பேரும் கைகோத்து வேலி மாதிரி நின்றோம். நடுவர் ஒருவர் ஓடி வந்தார்.

"யாரும்மா நீங்கள்லாம்? தள்ளுங்க."

"கோட்டுக்கு வெளியிலதான் சார் நிக்கிறோம். கேட்டுல நிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா?"

அவர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அஞ்சலை வந்துவிட்டாள். எங்களை நோக்கி நேரே வந்தவள், "திரும்புடி!" என்று இருபத்து நான்கு பேரும் அலறியதில் சட்டென்று இடப்பக்கம் வளைந்தாள். அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் நான்கு பேரைத் தாண்டினாள். நான்காவதில், வெள்ளை ஷூக்காரி ஒருத்தி மட்டும்தான் முன்னால். கடைசிச் சுற்றில் எங்களைக் கடக்கும்போது அவளையும் தாண்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வென்றாள். வென்றவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, மதகு வரவில்லையே! மாலையோடு ஒருவர் அவள் பின்னாலேயே ஓடினார். அப்போதுதான், ஒரு மாதமாக என் தொண்டையில் கிடந்த கட்டளை தானாக வெளியே வந்தது.

"அணி... நில்!"

ஓடினது ஒருத்திதான். ஆனால் என் பின்னால் இருபத்து மூன்று கால்கள் 'ட்டக்' என்றன. அந்தப் பக்கம் கோகோ ஆடியவர்கள் நின்றார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கியபடியே நின்றார். மேடையில் பேச எழுந்த சிறப்பு விருந்தினர் அட்டென்ஷனில் நின்றார். கடைசியாக, அஞ்சலை வலது காலை மிதித்து நின்றாள்.

மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியர் கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மார்ச் பாஸ்ட்டு இன்னாம்மா ஆச்சு? சேலத்துக்கே போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"நீங்க கேட்டது ஒரு கப்புதானுங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் மைதானம் எங்களுடையதாயிற்று. முதல் செவ்வாய்க்கிழமை நாங்கள் எந்த விளையாட்டும் ஆடவில்லை. சும்மா கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி ஓடினோம். இந்த முறை பையன்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். திங்கட்கிழமை மயக்கமும் மெல்ல மெல்ல நின்றுபோனது. (அதற்கும் நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். யாராவது மறுத்தால் பார்ப்போம்.)

ஆனால் வீட்டில் என் புகழ் வேறு மாதிரி. நான் ஃபோனில் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர், "மதகு வந்தாத்தான் நிப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அஞ்சலை இப்போது சின்னசேலத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறாள். அவளும் என்னிடம் பேசி முடிக்கும்போது "ட்டக்" என்று சொல்லித்தான் வைப்பாள்.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயம். பார்க்கப் போனேன். பெற்றோர்களுக்குப் பந்தல் போட்டு நாற்காலி எல்லாம் வைத்திருந்தார்கள். விசில் அடித்த பிறகுதான் கவனித்தேன், நான் பந்தலில் இல்லை. காவலாளி என் அருகில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, கேட்டை மறிச்சிக்கினு நிக்கிறீங்க?"

நான் பதில் சொல்லுமுன், வளைவில் வந்துகொண்டிருந்த என் மகள் ஓடியபடியே கத்தினாள்.

"எங்க அம்மாதாங்க! இருக்கட்டும் வுடுங்க!"