காவல் நாயின் பின்பகுதி தொடர்பாக

எங்கள் அலுவலகத்தில் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறோம். மொத்தம் நாற்பத்து மூன்று பேர், ஒரு நாய். பின்பக்க முற்றத்தில் பறிமுதல் செய்த கள்ளத் தராசுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் காப்பதற்காக ‘காவல் நாய், எண்ணிக்கை ஒன்று’ என்று ஒரு பணியிடம் எந்தக் காலத்திலோ அனுமதிக்கப்பட்டது. இப்போது அந்தப் பணியிடத்தில் இருப்பது துரை. யார் வந்தாலும் எழுந்திருக்காது என்பதால் வந்த பெயர். குட்டியாக இருந்தபோதே அதை எடுத்து வளர்த்தது எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா. அவருடைய மத்தியானச் சாப்பாட்டில் பாதி துரைக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, துரை முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்புறத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தபடி நீளக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. பிறகு அதே முறையில் திரும்பி வந்தது. இயக்குநர் தம் அறை வாசலில் நின்று இரண்டு பயணத்தையும் பார்த்தார்.

"என்னய்யா இது?" என்று என்னைக் கேட்டார். நான் கோப்புகளில் குறிப்பு எழுதும் எழுத்தர். யாருக்கும் புரியாதது எல்லாம் என்னிடம்தான் வரும்.

"பார்க்கிறேன் சார்."

"வியாழக்கிழமை ஆணையர் ஆய்வுக்கு வர்றாரு. அவர் எதிர்ல இது இப்படிப் போச்சுன்னா அன்னிக்கே நாயை வெளிய அனுப்பிடுவேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க."

அக்கா துடைப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். "தம்பி, இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. வாலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு பை இருக்கும். அதுல நீர் கட்டிக்கிட்டா அரிக்கும், வலிக்கும். அதான் தேய்க்குது. மாட்டு டாக்டர் அடுத்த தெருவுலதான் இருக்காரு. ரெண்டு நிமிஷம் அமுக்கிவிட்டா போதும். துரையை வெளிய கூட்டிட்டுப் போக ஒரு வாயில் சீட்டு மட்டும் குடுங்க."

வாயில் சீட்டுப் புத்தகம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கிழித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு.

"காரணம் என்னன்னு எழுதுறது அக்கா?"

"இப்ப நான் சொன்னதை எழுதுங்க."

"நீங்க சொன்னா ஆகாதுக்கா. சம்பந்தப்பட்ட பிரிவு சொல்லணும்."

"எது சம்பந்தப்பட்ட பிரிவு?"

நியாயமான கேள்வி. எங்கள் அலுவலகத்தில் உடம்பு சம்பந்தப்பட்டதை நலப் பிரிவு பார்க்கும், தரை சம்பந்தப்பட்டதைப் பராமரிப்புப் பிரிவு பார்க்கும். ஒருமுறை எங்கள் தட்டச்சர் வழுக்கி விழுந்தார். கால் தவறியதா, தரை வழுக்கியதா என்று முடிவாகும்வரை அரை நாள் அப்படியே படுத்திருந்தார். அந்த அரை நாளை அவருடைய விடுப்பில் கழித்தார்கள். துரை விஷயம் அதைவிடச் சிக்கலானது. அதன் பின்பகுதி தரையைத் தொடும் இடத்தில்தான் இரண்டு பிரிவுகளின் எல்லையும் இருந்தது. ‘பொருள்: காவல் நாயின் பின்பகுதி தொடர்பாக’ என்று நான் ஒரு கோப்பு திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பிரிவு மேலாளர்களும் கூட்டு ஆய்வு நடத்தினார்கள். சுண்ணக்கட்டியால் துரையின் பாதையைக் குறித்து, இருவரும் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள்.

"உடம்புதான் நகருது, தரை நகரலை. அதனால இது உங்க பிரிவு" என்றார் பராமரிப்பு.

"தரையில என்னமோ அரிக்குது. அதனாலதான் உடம்பு நகருது. உங்க பிரிவு" என்றார் நலம்.

"தரை அரிச்சா நமக்கும் அரிக்கணுமே?"

"நாம கால்சட்டை போட்டிருக்கோம்."

இந்த வாதத்தில் வலு இருப்பதாகக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்தேன். புதன்கிழமை துரைக்கு ஒரு பழைய கால்சட்டையை மாட்டிப் பார்த்தார்கள். துரை கால்சட்டையோடு தேய்த்தது. மேலும் ஆராயவேண்டும் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை ஆணையர் வந்தார். மலையடிவாரத்தில் ஒரு வாரப் புத்துணர்வு முகாமை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். செருப்பைக் கையில் வைத்திருந்தார். பூமிக்கும் மனிதனுக்கும் நடுவில் தோல் இருக்கக் கூடாது என்று முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அவர் கூடத்தின் நடுவே வந்ததும், அதுவரை சமர்த்தாக இருந்த துரை எழுந்து, பின்னங்கால்களை நீட்டி, அவர் காலடியைச் சுற்றி ஒரு முழு வட்டம் தேய்த்தது.

"என்ன இது?" என்றார் ஆணையர்.

அக்கா தூணுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். துரை போய்விட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். இயக்குநருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் தம்முடைய நாற்காலியைப் பற்றிய கவலை நிறைய இருந்தது.

"இது நம்ம அலுவலகத்தோட புது முயற்சி சார்" என்றார். "நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் இல்லையா, அந்த அழுத்தம் எல்லாம் பின்பகுதியில தேங்கிடுது. தரையில தேய்ச்சா பூமிக்குள்ள இறங்கிடும். நாய் அதுல முன்மாதிரி."

"எத்தனை நாளா செய்யுது?"

"திங்கட்கிழமையிலேர்ந்து சார்."

"பலன் தெரியுதா?"

"நாலு நாளா ஒரு கோபதாபம் கிடையாது சார். யாரைப் பார்த்தும் குரைக்கலை."

துரை பிறந்ததிலிருந்தே யாரைப் பார்த்தும் குரைத்ததில்லை. ஆணையர் குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். "நான் ஒரு வாரம் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது. ‘தரைவழி நலத் திட்டத்தின்கீழ் அனைத்து ஊழியர்களும் நாள்தோறும் பதினொன்றே கால் மணிமுதல் பதினைந்து நிமிடம் பின்பகுதி உராய்வு மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.’ பதவி மூப்பின்படி வரிசை. துரை முன்னால், இயக்குநர் அதன் பின்னால், மேலாளர்கள் இருவரும் பக்கம்பக்கமாக, பிறகு நாங்கள். உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கும், எங்களிடமிருந்து வந்ததுதான். துணிக்கடைகளில் பின்னால் தோல் ஒட்டுப் போட்ட தேய்ப்புக் கால்சட்டை வந்தது. அதைப் போடாமல் தேய்ப்பவர்களை இளக்காரமாகப் பார்க்கும் கூட்டமும் வந்தது. முதுகுவலி போயிற்று என்றார்கள், தூக்கம் வருகிறது என்றார்கள். தட்டச்சருக்கு முடி வளர்ந்தது. என் மனைவி மட்டும், "ஆபீஸ்ல பதினஞ்சு நிமிஷம் தரையைத் தேய்க்கிறீங்க, வீட்டுல ஒரு நாள் துடைச்சதுண்டா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அடியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு வீட்டிலும் தேய்த்தேன்.

துரைக்கு மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். அக்கா மறுபடியும் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அது ஆசைப்பட்டுத் தேய்க்கலை. வலியில தேய்க்குது. உட்காரக்கூட முடியாம நின்னுக்கிட்டே தூங்குது. ஒரு சீட்டு கிழிச்சுக் குடுங்க."

"அக்கா, இப்ப அது சாதாரண நாய் இல்ல. முன்மாதிரி. முன்மாதிரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா திட்டமே நோய்ன்னு ஆயிடும்."

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு எங்களிடம் படிவம் இல்லை.

மறுநாள் காலை வெளிக்கதவருகே அக்கா, துரை, வாயில்காவலர் மூவரும் நின்றிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தெருவில் மாட்டு டாக்டர் பையோடு நின்றிருந்தார். நாய் சீட்டில்லாமல் வெளியே போகக் கூடாது. டாக்டர் அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது. வாயில்காவலர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"இங்க நின்னுக்கிட்டே கையை வெளிய நீட்டி டீ வாங்குறாங்க, அவங்ககிட்ட நான் சீட்டு கேக்குறதில்ல" என்றார். "இது வாலை வெளிய நீட்டுது. அவ்வளவுதான."

அப்படியே நடந்தது. துரையின் தலையும் முன்னங்கால்களும் அலுவலக எல்லைக்குள் இருந்தன. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இதோ ஆச்சு, இதோ ஆச்சுடா தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்பாதி தெருவில் இருந்தது. டாக்டர் குந்தி உட்கார்ந்து, கையுறை மாட்டி, இரண்டு தடவை அமுக்கினார். எழுந்த நாற்றத்தில், முத்திரை குத்திக்கொள்ள வந்திருந்த இரண்டு கடைக்காரர்கள் தராசோடு திரும்பிப் போய்விட்டார்கள். துரை உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு முற்றத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடியது. அது ஓடி நான் பார்த்ததேயில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினொன்றே காலுக்கு வரிசை தயாராக இருந்தது. துரை கூடத்தின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. தேய்க்கவில்லை. மறுநாளும் தேய்க்கவில்லை. மூன்றாம் நாள் அதன் கழுத்துப் பட்டையில் ஒரு குறிப்பாணை செருகப்பட்டிருந்தது. கட்டாயத் திட்டத்தில் கலந்துகொள்ளாததற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் பணிநீக்கம் என்று இருந்தது.

அக்கா அதை என் மேசையில் வைத்தார். "தேய்ச்சப்பவும் போகச் சொன்னாங்க. தேய்க்கலைன்னாலும் போகச் சொல்றாங்க. இதுக்காவது எழுதுவீங்களா?"

எழுதினேன். இருபது வருடத்தில் நான் எழுதிய உருப்படியான குறிப்பு அது ஒன்றுதான். ‘மேற்படி நாய் உராய்வுப் பயிற்சியை முழுமையாக நிறைவு செய்து அழுத்தம் முற்றிலும் நீங்கப்பெற்றுள்ளது. எனவே இனி மற்றவர்கள் தேய்ப்பதை மேற்பார்வையிடத் தகுதியுடையதாகிறது.’ இயக்குநர் அதைப் படித்துவிட்டு, பொறாமையோடு கையெழுத்துப் போட்டார். துரை மேற்பார்வையாளர் ஆனது. மேற்பார்வையாளருக்கு மாதம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு, மருத்துவர் நேரில் வரலாம் என்று விதியில் இருந்தது.

அப்படித்தான் மாட்டு டாக்டர் முதல்முறையாக முறைப்படி உள்ளே வந்தார். மணி பதினொன்று இருபது. அக்கா கூடத்துக் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் முட்டியை மடக்கி, கையை ஊன்றி, மூப்பு வரிசையில் தேய்த்துக்கொண்டு போனோம். துரை பக்கத்தில் நடந்து வந்தது.

டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்களை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இவங்களுக்கெல்லாம் எத்தனை நாளா இப்படி?" என்று அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து, டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். பையைக் கீழே வைத்துத் திறந்து, கையுறைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.

"சரி. யார்கிட்டேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

அக்கா யோசிக்கவே இல்லை. துடைப்பத்தை நேராக என் பக்கம் நீட்டினார்.